அயலகத்தில் நீர்ப்பொறியியல் பயிலும் நம் மாணவரும் நம் நீர்ச்சொற்களும்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் கல்வெட்டும் பேசப்பெறுவது வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நீர். அதிலும் குறிப்பாக, நகரத்து நீரை ஆளும் பொறியியலைக் கற்க அயலகம் செல்லும் நம் மாணவர் பற்றியது. மொழியியல் பயின்றோர்க்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வினா நியாயமானதே.

மஸ்ஜித் தானாவை அடுத்த லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. டுரியான் துங்கலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவ்வாயில்கள் வழியே நுழைந்து பொறியியல் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் மேற்படிப்புக்குச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் நெதர்லாந்துக்கும் செல்கின்றனர். நீடித்துநிலைக்கும் வடிவமைப்பு, நகர்ப்புற நீர் மேலாண்மை என்பன அவர்கள் நாடும் புதுத் துறைகள். அத்தகைய மாணவரும் அவர்தம் பெற்றோரும் எங்களைப் போன்றோரிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு: "அங்கே போய்ப் படிக்கும் இந்தப் பாடத்துக்குத் தமிழ் எதற்கு?"

இதற்கு ஆயத்தமாக இரு விடைகள் புழக்கத்தில் உள்ளன. எதற்கும் இல்லை என்பது ஒன்று. கல்லணை கட்டியவர்கள் நாம், உலகுக்கே நீரியல் கற்பித்தவர்கள் நாம் என்பது மற்றொன்று. மேடைகளில் கைத்தட்டல் பெறுவது இரண்டாவது விடை. ஆனால் இரண்டுமே சிந்திக்கும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. நீரைப் பற்றிய சொற்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறொரு விடை கிடைக்கும் என்பது எங்கள் எண்ணம். தொடக்கமாக, நம்மைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களையே பார்ப்போம்.

மஸ்ஜித் தானா என்ற பெயர் மண்ணால் கட்டிய பள்ளிவாசலைக் குறிக்கும் என்பது நாம் அறிந்ததே. சுற்றுவட்டாரப் பெயர்களோ பெரும்பாலும் நீரைச் சொல்கின்றன. கோலா லிங்கியிலும் கோலா சுங்கை பாருவிலும் வரும் 'கோலா' ஆற்றுமுகம். லூபோக் சீனாவில் உள்ள 'லூபோக்' ஆற்றின் ஆழமான மடு. பெங்காலான் பாலாக்கின் 'பெங்காலான்' படகுத்துறை. அலோர் காஜாவின் 'அலோர்' நீர் ஓடும் தடம். மலாக்கா நகரை நோக்கிச் சென்றால் பாயா ரும்புட் வருகிறது. 'பாயா' என்றால் சதுப்பு. ஆயர் குரோ என்பது கலங்கல் நீர். இவற்றைச் சூட்டியவர்கள் பொறியியல் படித்தவர்கள் அல்லர். எங்கே நீர் நிற்கும், எங்கே ஓடும், எங்கே கலங்கும் என்று கால்கொண்டு அறிந்தவர்கள். சதுப்பு என்று பெயரிலேயே எழுதிவைத்த நிலத்தில் வீடமைப்புப் பகுதி எழுப்பிவிட்டு, மழைநாளில் நீர் புகுந்ததென்று வியப்பவர்களை என்னென்பது!

சென்னையிலும் இதே கதைதான். பழவந்தாங்கல் என்னும் பெயரில் தாங்கல் இருக்கிறது. சிறு ஏரிக்கு வடதமிழகத்தார் இட்ட பெயர் அது. மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' உண்டு. பார்ப்பதற்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் சாலை' உண்டு. கரை இருந்த இடம் சாலையாயிற்று, ஏரி இருந்த இடம் கட்டடமாயிற்று. மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் உருவாயிற்று. வள்ளுவர் கோட்டமே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் 1976இல் திறக்கப்பெற்றது. 2015 டிசம்பரில் அந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்நிலைகளும் ஏறத்தாழ வறண்டு, சோலையார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. மிகுதியும் வறட்சியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நகரம் அரிது. அந்நோய்க்கான மருந்தைத் தேடும் கல்வியே நம் மாணவர் நாடிச் செல்லும் கல்வி.

இனி அவர்களுடன் அயலகம் செல்வோம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரை எடுத்துக்கொள்கிறோம். மலாக்காவில் இருந்து பேசும் நமக்கு டச்சுக்காரர் அயலார் அல்லர். 1641ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து இந்நகரைக் கைப்பற்றியவர்கள். 1825இல் ஆங்கிலேயரிடம் இறுதியாகக் கைமாறும்வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இங்கு ஆண்டவர்கள். புக்கிட் சீனா அடிவாரத்தில் உள்ள அரசர் கிணற்றைச் சுற்றி மதிற்சுவர் எழுப்பியவர்களும் அவர்களே என்பர். நீரை மதிக்கத் தெரிந்த மக்கள், அதனை யார்க்கு மறுப்பது என்பதையும் அறிந்திருந்தனர்.

அவர்கள் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. 1953 பிப்ரவரி முதல் நாள் கடல் பொங்கிக் கரையுடைத்து 1,800க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் எழுந்தவையே உலகறிந்த டெல்டா அணைகள். 1957இல் அயல்நாட்டுப் பொறியாளர்க்கு நீரியல் கற்பிக்கும் நிலையம் ஒன்று டெல்ஃப்ட்டில் தொடங்கப்பெற்றது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அணையும் வடிகாலும் கழிவுநீரும் ஆளும் பொறியாளர் பலர் இன்றளவும் அங்குப் பயின்று திரும்புகின்றனர்.

அங்குச் செல்லும் மாணவர் முதலில் கற்பது கணக்கு என்று நாம் நினைப்போம். எங்கள் பார்வையில் அவர் முதலில் கற்பது சொல். 'போல்டர்' என்பது கரை கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி மீட்ட தாழ்நிலம். ஒரு போல்டருக்குள் வாழும் அனைவரும் ஒரே கரையை நம்பியிருக்கின்றனர். உழவனும் வணிகனும் கோயிற் குருவும் கூடிப் பேசி ஒத்துப்போனாலன்றிக் கரை நிற்காது. ஆகவே டச்சு மொழியில் அப்பெயரிலிருந்தே 'போல்டரென்' என்றொரு வினைச்சொல் பிறந்தது. பேசிப்பேசி உடன்பாடு காண்பது என்பது அதன் பொருள். அரசியலில், தொழிற்சங்கப் பேச்சில் எல்லாம் அச்சொல் வழங்குகிறது. ஒரு நாட்டின் நீரமைப்பு அதன் மொழிக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இது நல்ல சான்று. இச்சொல்லை அறியாத மாணவர், கரையின் உயரத்தைக் கணக்கிடக் கற்றுக்கொண்டு திரும்பிவிடலாம். கரை ஏன் அங்கே நிற்கிறது என்பது அவருக்குப் பிடிபடாது.

நீர் வாரியங்கள் அங்கு நகராட்சியினின்றும் வேறானவை. அவற்றுள் சில 13ஆம் நூற்றாண்டு முதல் தொடர்ந்து வருபவை. இன்று 21 வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கெனத் தனி வரி, தனித் தேர்தல். நாடாளுமன்றத்துக்கு நிற்பதுபோல் நீர் வாரியத்துக்கு ஆட்கள் நின்று வாக்குக் கேட்பதைக் காணும் நம் மாணவர் வியப்படைவது இயல்பு.

தமிழ் கற்ற மாணவர்க்கு அவ்விடத்தில் உத்தரமேரூர் நினைவுக்கு வரவேண்டும். முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்குள்ள சபையின் வாரியங்களைப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். உறுப்பினர் அறுவர், குடவோலையால் தெரிவு, 360 நாள் பணி. கணக்குக் காட்டாதவர்க்கு மறுபடி இடமில்லை. வாரியம் என்ற அச்சொல்லையே இன்று குடிநீர் வாரியம், மின்வாரியம் என்றெல்லாம் வழங்குகிறோம்.

இங்கே ஒரு நிமிடம் நின்று, பெருமை பேசும் நாவை அடக்கவேண்டியிருக்கிறது. உத்தரமேரூர் பிரமதேயம். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப்பயிற்சியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் அகவையும் உடையோர் பெயரே குடத்தில் இடப்பட்டது. ஏரியில் மண் சுமந்தவர் பெயரும், மடை திறந்தவர் பெயரும் அதில் இல்லை. பெண்டிர் பெயரும் இல்லை. டச்சு வாரியங்களும் பன்னூறாண்டு நிலக்கிழார் கையிலேயே இருந்தவைதாம். எனவே நமக்கு முந்தியே உண்டு என்று சொல்லி மகிழ்வதைக் காட்டிலும், நீரைப் பங்கிடும் அவையில் யார் அமர்ந்தனர், யார் வெளியே நின்றனர் என்ற வினாவை இரு நாட்டுச் சான்றுகளையும் அருகருகே வைத்துக் கேட்பது மாணவர்க்குப் பயன்தரும். அத்தகைய ஒப்பீட்டை டெல்ஃப்ட் வகுப்பறையில் செய்ய வல்லவர், உத்தரமேரூரை அறிந்த மாணவர் ஒருவரே.

மடை திறந்தவர் என்றோம். இக்காலத்தில் கைப்பேசி வழியே பரவிவரும் ஒரு செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்: வெள்ளக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து மடை திறக்கச் சென்றவனே மடையன், அப்பெயரையே நாம் இழிசொல்லாக்கிவிட்டோம் என்று. கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் அறிவிலியைக் குறிக்கும் மடையன் மடமையோடு உறவுடைய சொல். மடையோடு அதனை முடிச்சிடுவது பிற்காலக் கற்பனை. மடையைக் காத்தவர்க்கு நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று வேறு பெயர்கள் உண்டு. ஊர்தோறும் அப்பணி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியினர் கையில் இருந்தது. ஆசிரியர்கள் பொய்யான சொற்பிறப்பைக் கைவிட்டு, மெய்யான அப்பெயர்களையும் அவற்றுக்குப் பின்னுள்ள மனிதரையும் கற்பிக்கலாம்.

நம் நீர்ச்சொற்கள் எத்தகையவை? குடிப்பதற்கென ஒதுக்கிய நீர்நிலை ஊருணி. ஊர் உண்ணும் நீர் என்பது சொல்லிலேயே தெளிவாக இருக்கிறது. ஒப்புரவறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் பேரறிவாளன் செல்வத்துக்கு அதனை உவமையாக்கினார். பாண்டிநாட்டுக் கண்மாய், 'கண்வாய்' என்பதன் திரிபு. நீர் புறப்படும் கண்ணாகிய மடையால் பெயர்பெற்றது. ஏர்த்தொழிலுக்கு உதவுவதால் ஏரி என்பார் கூற்றை மட்டும் நாங்கள் உறுதியாக ஏற்கத் தயங்குகிறோம். ஓசை ஒத்ததெல்லாம் உறவாகிவிடாது. சொல்லின் தோற்றம் எதுவாயினும், பயன்பாட்டுக்கேற்ப நீரை வகைப்படுத்தி, வகைக்கொரு பெயரிட்ட ஒழுங்கு இங்கே இருக்கிறது. சிங்கப்பூரில் 2003 முதல் 'நியூவாட்டர்' எனப்படும் மீட்டெடுத்த நீரைப் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். எந்த நீர் எந்தப் பயனுக்கு என்று பிரித்தாளும் அந்த நெறி, ஊருணியில் கால் கழுவாதே என்று பிள்ளையை அதட்டிய பாட்டிக்கும் புரிந்திருக்கும்.

ஏரியின் உறுப்புகளுக்கு வருவோம். ஏரி நிரம்பி மிகும் நீர் கரையை உடைக்காமல் வழிந்தோட அமைத்த கல்லமைப்பு கலிங்கு. கரைக்கு அடியில் நீரை வெளிவிடுவது தூம்பு. குமிழித் தூம்பில் இரு துளைகள் உண்டு: நீர் செல்ல நீரோடி, அடிமண் செல்லச் சேறோடி. நீர்த்தேக்கம் எதுவாயினும் மண் சேரும், சேர்ந்தால் கொள்ளளவு குறையும் என்பது இன்றைய அணைப் பொறியியலின் பெருங்கவலை. அக்கவலைக்கு விடையாக ஒரு துளையும், அத்துளைக்கு ஒரு பெயரும் நம்மிடம் இருந்தன. கலிங்கில் வழிந்த நீர் வீணாவதில்லை. அடுத்த ஏரிக்குச் செல்லும். ஏரிகள் தனித்தனிப் பாத்திரங்கள் அல்ல, சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ளவை எல்லாம் வறளும், அல்லது உடையும்.

இச்சொற்கள் ஒருகாலத்தில் ஆங்கிலத்துக்குள்ளேயே சென்றன. அணைக்கட்டு 'அனிகட்' ஆயிற்று. கலிங்கல் 'கலிங்குலா' ஆயிற்று. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், யூல் என்பாருடன் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இவ்விரு சொற்களையும் காணலாம். ஆங்கிலேயர் நம் சொல்லை ஏன் எடுத்தனர்? தம்மிடம் அப்பொருள் இல்லாமையால். ஆழங்காண முடியாத ஆற்றுமணலில் அடித்தளம் இடுவது எங்ஙனம் என்பதைக் கல்லணையைக் கண்டே கற்றதாக ஆர்தர் காட்டன் எழுதிவைத்தார். 1836இல் கொள்ளிடத்தில் கட்டிய மேலணையிலும், 1847இல் தொடங்கிக் கோதாவரியில் தவளேசுவரத்தில் கட்டிய அணையிலும் அவ்வறிவு பயன்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஜார்ஜ் டேவிட்சன் இந்தியப் பாசனத்தைப் பார்த்துச் சென்று 1875இல் தம் அரசுக்கு அறிக்கை தந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆல்ஃபிரட் டீக்கின் வந்து பார்த்து, 1893இல் இந்தியப் பாசனம் பற்றி நூல் வெளியிட்டார். பின்னாளில் அந்நாட்டின் பிரதமரானவர் அவர். நீரியல் கற்க அயலகம் செல்வது இன்று தோன்றிய வழக்கமன்று. ஒருகாலத்தில் மாணவர் எதிர்த்திசையில் வந்தனர். வந்தவர்கள் கூர்ந்து பார்த்தனர், குறித்துக்கொண்டனர், சொல்லையும் எடுத்துச்சென்றனர். இன்று செல்லும் நம் மாணவரும் அவ்வாறே கற்கவேண்டும் என்பது எங்கள் விழைவு.

சொல் தொலைந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. நெதர்லாந்து அரசு 2018இல் தொடங்கிய ஆசிய நகரங்களுக்கான நீர்த்திட்டத்தில் சென்னையும், வங்கதேசத்துக் குல்னாவும், இந்தோனேசியாவின் செமாராங்கும் தெரிவுசெய்யப்பெற்றன. ராட்டர்டாமைச் சேர்ந்த 'ஊஸ்' என்னும் வடிவமைப்பாளரும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற உள்ளூர் நிறுவனத்தாரும் சேர்ந்து வகுத்த திட்டத்தின் பெயர் 'சிட்டி ஆஃப் 1000 டேங்க்ஸ்'. மழைநீரைத் தேக்கி, கழிவுநீரைச் செடிகொடிகளால் தூய்மையாக்கி, நிலத்தடிக்கு அனுப்பும் சிறு அமைப்புகளை நகரெங்கும் பரப்புவதே நோக்கம். முன்மாதிரியாக, செவித்திறனும் பார்வைத்திறனும் குறைந்த பிள்ளைகள் பயிலும் லிட்டில் ஃபிளவர் பள்ளி வளாகத்தில் ஓர் அமைப்பை நிறுவினர். நல்ல முயற்சி. ஆனால் அப்பெயரை மஸ்ஜித் தானா மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். 'டேங்க்' என்றதும் அவர் மனத்தில் தோன்றுவது கூரைமேல் இருக்கும் தங்கி. மலாயில் 'தாங்கி' என்கிறோமே, அது. ஆயிரம் நீர்த்தொட்டிகள் வைத்த நகரம் என்றே அவர் கொள்வார். ஏரி என்று கேட்டிருந்தால் கரை, கலிங்கு, வரத்துக்கால், அடுத்த ஏரி என்று ஒரு சங்கிலியே தோன்றும். 'டேங்க்' என்ற சொல்லில் சங்கிலி அறுந்து, பாத்திரம் மட்டும் மிஞ்சுகிறது. பாத்திரத்தை மட்டும் கண்ட பொறியாளர் பாத்திரத்தை மட்டுமே கட்டுவார்.

இத்தனை சொன்னதால், ஏரியை மலாக்காவுக்குப் பெயர்த்துக்கொண்டுவரச் சொல்கிறோம் என்று எண்ணவேண்டா. ஏரி, ஆண்டில் சில மாதமே மழை காணும் நிலத்தின் விடை. மலாக்காவில் ஆண்டு முழுதும் மழை. ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். நெதர்லாந்தில் பெய்வதைப்போல் இருமடங்குக்கும் மேல். அங்கே மெல்லெனத் தூறும் மழைக்கு வகுத்த வடிகாலை, இங்கே பிற்பகலில் கொட்டித்தீர்க்கும் மழைக்கு அப்படியே பொருத்த இயலாது. சீனத்தில் 'கடற்பஞ்சு நகரம்' என்னும் கருத்தைப் பெருமுயற்சியுடன் செயற்படுத்தினர். நிலமே பஞ்சுபோல் மழையை உறிஞ்சவேண்டும் என்பது கருத்து. அந்நெறியில் பணிகள் நடந்த செங்சோவில், 2021 ஜூலையில் ஒரே மணிநேரத்தில் 200 மில்லிமீட்டர் மழை பெய்து பேரழிவு நேர்ந்தது. பஞ்சுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு.

நம் நாட்டிலும் நெறிமுறை இல்லாமலில்லை. நீர்ப்பாசன வடிகால் துறை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2001 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மழைநீர் மேலாண்மைக் கையேட்டுக்கு, மலாயில் 'மெஸ்ரா ஆலாம்' என்ற அடைமொழி உண்டு. இயற்கையோடு இணக்கமான வடிகால் என்பது பொருள். ஓரிடத்தில் கட்டடம் எழுந்தபின் அங்கிருந்து பாயும் மழைநீர், எழுமுன் பாய்ந்த அளவை மிஞ்சக்கூடாது என்பது அதன் அடிப்படை. விழும் இடத்திலேயே சற்றுத் தேக்கிப் பிறகு விடு என்கிறது. ராட்டர்டாமில் 2013இல் திறந்த பெந்தெம்பிளைன் நீர்ச்சதுக்கம் இதே கருத்தைக் கண்ணுக்கு இனிதாகக் காட்டுகிறது. வெயில் நாளில் இளைஞர் பந்தாடும் பள்ளமான திடல், மழைநாளில் ஏறத்தாழ 17 இலட்சம் லிட்டர் நீரைத் தாங்கும் குளம். அருகிலுள்ள கல்லூரி மாணவரையும் கூட்டிவைத்துப் பேசியே அதனை வடிவமைத்தனர். நம் வடிகால்களோ பெரும்பாலும் காரை பூசிய நேர்க்கோடுகள். நீரை எவ்வளவு விரைவாக அண்டை வீட்டாரிடம் தள்ளலாம் என்பதே அவற்றின் தத்துவம்.

மழைக்குக் குறைவில்லாத இம்மாநிலம் நீருக்குத் தவித்திருக்கிறது. 1991இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி, மலாக்கா மக்கள் நெடுநாள் பங்கீட்டு நீருக்குக் காத்திருந்தனர். 2020 தொடக்கத்திலும் நீர்ப்பங்கீடு வந்தது. இன்றும் நம் தேவையின் ஒரு பகுதியை ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்தே பெறுகிறோம். குழாயைத் திறந்தவுடன் வரும் நீர் எந்த ஆற்றுநீர் என்று தெரிந்த மாணவர் நம் வகுப்பில் எத்தனை பேர்?

தோட்டத்துக்கு வருவோம், எங்கள் பேச்சில் மிகுதியும் சொல்ல விரும்புவது இதுவே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரப்பர் நிரைகளுக்கிடையே ஒரு புல்லும் இராதபடி களையெடுத்து வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் கருதினர். களையெடுத்தவர் நம் மக்கள். பெய்த மழை வெற்றுமண்ணை வாரிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. நட்டம் உணர்ந்தபின், சரிவுகளில் படிமேடை வெட்டவும், மூடுபயிர் விடவும், மரவரிசைகளுக்கிடையே குழிகள் தோண்டி மண்ணையும் நீரையும் அங்கேயே நிறுத்தவும் முற்பட்டனர். அக்குழிகளைத் தோண்டியவரும் நம் மக்கள். இன்று செம்பனைத் தோட்டங்களிலும் அவற்றைக் காணலாம். விழுந்த இடத்தில் நீரை நிறுத்தி நிலத்துக்குள் இறக்கும் இம்முறையைத்தான் அயலகப் பல்கலைக்கழகத்தில் புதிய பெயரில், வண்ணப்படங்களுடன் கற்பிக்கின்றனர். தம் பாட்டனார் மண்வெட்டியால் செய்த வேலை இதுவென்று அறியாமலே அங்கே அமர்ந்து குறிப்பெடுக்கும் மாணவர் இருக்கக்கூடும். அறிந்திருந்தால் என்ன மிகும் என்று கேட்கலாம். குழி எத்தனை மழையில் மண் மூடிப்போகும், சரிவில் எவ்வளவு இடைவெளி வேண்டும், தூர்வாரும் வேலை யார் தலையில் விழும் என்பவற்றைப் பாட்டனாரிடமே கேட்டிருக்கலாம். வண்ணப்படத்தில் இவை இல்லை.

இன்னொரு சொல் இருக்கிறது. கால்வாயின் தலைப்பில் இருப்பது தலைமடை, இறுதியில் இருப்பது கடைமடை. தலைமடையில் எப்போதும் நீர் இருக்கும். பாசனம் நன்றாக நடந்ததா என்று உழவர் கேட்கும் வினா, "கடைமடைக்குத் தண்ணீர் போயிற்றா?" என்பதே. ஓர் அமைப்பின் தரத்தை அதன் கடைக்கோடியில் நின்று அளக்கும் அளவுகோலாக அச்சொல் வழங்கிவருகிறது. நகர நீர் மேலாண்மைக்கும் இதனினும் நல்ல அளவுகோலை நாங்கள் அறியோம். இந்நாட்டில் தோட்ட லயங்கள் நெடுங்காலம் கடைமடையாகவே இருந்தன. ஒரு வரிசைக்கு ஒரு குழாய், விடியுமுன் வாளிகளின் நெரிசல். தொழிலாளர் வீடுகளுக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்கவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல, நகரோரத்துத் தாழ்நிலங்களில் மலிவு வீடு கண்டன. வெள்ளம் வந்தால் அங்கேதான் முதலில் நுழையும்; குழாயில் அழுத்தம் குறைந்தால் அங்கேதான் முதலில் நிற்கும். கடைமடை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஆசிரியப் பெருமக்களே, நம் பிள்ளைகள் நீரைத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கற்கின்றனர், இடைநிலைப்பள்ளியில் மலாயில், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். மூன்று மொழியும் அவர்க்கு வேண்டும். குளம் என்னும் நம் சொல் மலாயில் 'கோலாம்' ஆகி வாழ்கிறது. மொழிகள் தமக்குள் பகை பாராட்டுவதில்லை. மலாய்ப் பெயர்கள் நிலத்தைச் சொல்லும், தமிழ்ச்சொற்கள் அமைப்பைச் சொல்லும், ஆங்கிலம் கணக்கைச் சொல்லும். மூன்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதப் பழக்குவது நம்மால் ஆகக்கூடியது.

அதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மழை விட்ட ஒரு பிற்பகலில் மாணவரைப் பள்ளி வாயிலுக்கு அழைத்துச்சென்று, அங்குள்ள வடிகாலில் ஓடும் நீர் எந்தத் திசையில் செல்கிறது, எந்தக் கால்வாயில் கலக்கிறது, எந்த ஆற்றின் வழியே கடலைச் சேர்கிறது என்று கண்டுவரச் செய்யுங்கள். வழியில் உள்ள இடப்பெயர்களை எழுதச் சொல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த முதியோரிடம் கிணறு, குழாய், கால்வாய், குழி ஆகியவற்றை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று கேட்டு, அவர்கள் சொன்ன ஒலியிலேயே, திருத்தாமல், குறிக்கச் சொல்லுங்கள். அவர்களுள் பலர் எழுபதைக் கடந்தவர்கள். இந்த ஆண்டே கேட்பது நல்லது. அக்குறிப்புகளின் படி ஒன்றை இம்மன்றத்துக்கு அனுப்பினால், ஒலிபெயர்ப்பைச் சரிபார்த்து அகரவரிசைப்படுத்தும் வேலையை எங்களைப் போன்ற ஓய்வுபெற்றோர் பார்த்துக்கொள்வோம்.